சிஏ இன்டர்: அந்த 45 மணி நேரத்துக்காகப் படியுங்கள்

சிஏ (சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்) படிப்பின் நடுக்கட்டமான இன்டர் தேர்வில், முதல் அட்டெம்டில் ஒரு குரூப்பின் மூன்று பேப்பரும் சேர்த்து எனக்கு 170 மார்க். குரூப் பாஸாக 150 போதும். ஆனாலும் ஃபெயில், ஏனென்றால் ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டும், ஆடிட்டில் (தணிக்கை) எனக்கு 37. ரிசல்ட் வந்த அன்று இதை அப்பாவுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. "கேட்டதுக்கு மேல இருபது மார்க் வாங்கியிருக்கியே, அப்புறம் எப்படிப்பா போச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

படிக்காமல் போகவில்லை. ஆடிட் புத்தகத்தை முழுசாக இரண்டு தடவை படித்திருந்தேன், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு. ஆனால் ஒரு பதிலைக்கூட பேனா பிடித்து எழுதிப் பார்க்கவில்லை. தேர்வுக்கு முந்தின நாள் புத்தகத்தைத் திறந்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, எல்லாமே கோடு போட்டதாக இருந்தது. இப்போது ஆர்ட்டிக்கிள், அதாவது ஆடிட்டரிடம் பயிற்சிக்கு, சேர வரும் பிள்ளைகளிடம் பேசும்போதும் இதே கதையைத்தான் கேட்கிறேன். சிலபஸை முடித்திருப்பார்கள். முடித்ததைத் தேர்வு வாரத்தில் மறுபடி கைக்குக் கொண்டுவர வழி வைத்திருக்க மாட்டார்கள்.

இது சிஏ இன்டர்மீடியட் எழுதப்போகிறவர்களுக்கான வழிகாட்டி. 2023 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்து, 2024 மே தேர்விலிருந்து கேள்வித்தாளில் தெரியத் தொடங்கிய புதிய திட்டத்தை வைத்து எழுதுகிறேன். எளிதான தேர்வு என்று பொய் சொல்ல மாட்டேன். 2025 மே தேர்வில் இரண்டு குரூப்பையும் ஒன்றாக எழுதியவர்களில் நூற்றுக்கு 13 பேர் சொச்சம்தான் இரண்டிலும் தேறினார்கள்.

1. புத்தகத்துக்கு முன்னால் மார்க் கணக்கு

ஆறு பேப்பர், இரண்டு குரூப். முதல் குரூப்பில் அட்வான்ஸ்டு அக்கவுன்டிங், கம்பெனிச் சட்டமும் மற்ற சட்டங்களும், டாக்ஸ். இரண்டாவதில் காஸ்டிங், ஆடிட், அப்புறம் எஃப்எம்-எஸ்எம் (ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட், ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட்) சேர்ந்த பேப்பர். ஒவ்வொன்றும் 100 மார்க், மூன்று மணி நேரம். அதில் 30 மார்க் எம்சிக்யூ (கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது), 70 மார்க் எழுதும் பகுதி.

பாஸாக இரண்டு நிபந்தனை. ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 150. இரண்டும் ஒருசேர நிறைவேற வேண்டும். மூன்றிலும் 45 வாங்கினால் 135, ஃபெயில். 65, 38, 62 வாங்கினால் 165, அதுவும் ஃபெயில்.

இரண்டாவது உதாரணத்தில் ஓர் ஆறுதல் இருக்கிறது. குரூப் போனாலும் 60 அல்லது அதற்கு மேல் வாங்கிய பேப்பருக்கு எக்ஸெம்ப்ஷன் உண்டு. அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அதை எழுத வேண்டாம், அந்த மார்க் அப்படியே வந்து சேரும். எனக்கு அப்படி இரண்டு பேப்பர் கிடைத்ததால் அடுத்த தடவை ஆடிட் மட்டும்தான் பாக்கி.

பலர் கவனிக்காத மூன்றாவது விதி, இரண்டு குரூப்பையும் ஒரே அட்டெம்டில் எழுதுகிறவர்களுக்கு. எல்லாப் பேப்பரிலும் 40 இருந்து, ஆறும் சேர்த்து 300 வந்துவிட்டால் இரண்டு குரூப்பும் பாஸ். முதல் குரூப்பில் 140 எடுத்து, இரண்டாவதில் 165 எடுத்தவர் தனித்தனியாக எழுதியிருந்தால் முதல் குரூப்பை இழந்திருப்பார். சேர்த்து எழுதியதால் 305, தப்பித்தார்.

இதனால்தான், முழு நேரமும் படிக்க முடிகிறவர்கள் இரண்டு குரூப்பையும் சேர்த்தே எழுதலாம் என்பது என் கட்சி. ஆனால் விண்ணப்பம் போடும் நாளில் ஆறில் மூன்றுதான் ஒரு சுற்றாவது முடிந்திருக்கிறது என்றால் வீம்பு வேண்டாம், ஒரு குரூப் போடுங்கள். அரைகுறையாக ஆறு எழுதுவதைவிட உருப்படியாக மூன்று எழுதுவது மேல்.

இன்னொன்று. டாக்ஸில் வருமான வரி 50, ஜிஎஸ்டி 50. கடைசிப் பேப்பரில் எஃப்எம் 50, எஸ்எம் 50. நாற்பது மார்க் என்பது மொத்தப் பேப்பருக்கு, பகுதிக்குத் தனியாக இல்லை. அந்தத் தைரியத்தில் "ஜிஎஸ்டியைக் கடைசியில் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். ஐம்பது மார்க்குக்குள் நாற்பது தேடுவது சாதாரண வேலையா?

2. பின்னாலிருந்து முன்னால் எண்ணுங்கள்

தேர்வு மதியம் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். பெரும்பாலும் இரண்டு பேப்பருக்கு நடுவில் ஒரு நாள் இடைவெளி. அதாவது ஒரு பேப்பர் முடிந்து வெளியே வந்ததிலிருந்து அடுத்த பேப்பர் வரை 45 மணி நேரம். இரண்டு ராத்திரித் தூக்கம் 14 மணி நேரம், போக வர, சாப்பிட, குளிக்க, முந்தின பேப்பரைப் பற்றிப் புலம்ப 9, 10 மணி நேரம். மிஞ்சுவது 20 சொச்சம்.

உங்கள் முழுப் படிப்பும் இந்த இருபது மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காத நோட்ஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேர்வு வாரத்தில் பிரயோஜனம் இல்லை. அதனால் திட்டத்தை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

பதிவு செய்த பின் தேர்வுக்குக் குறைந்தது எட்டு மாதம் படிப்புக் காலம் வேண்டும் என்பது விதி. மே தேர்வு என்றால் முந்தின செப்டம்பர் 1-க்குள், செப்டம்பர் தேர்வு என்றால் ஜனவரி 1-க்குள், ஜனவரி தேர்வு என்றால் மே 1-க்குள் பதிவு. இந்த எட்டு மாதத்தைச் சுமார் 240 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் போட்டுக் கொடுக்கும் கணக்கு இது:

முதல் சுற்று, பேப்பருக்கு 25 நாள் வீதம் 150 நாள். இரண்டாவது சுற்று, பேப்பருக்கு 8 நாள் வீதம் 48. மூன்றாவது, பேப்பருக்கு 3 நாள் வீதம் 18. ஒவ்வொரு பேப்பருக்கும் இரண்டு முழு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) என்றால் 12 நாள். மொத்தம் 228. மிச்சம் 12 நாள் காய்ச்சலுக்கும் அக்கா கல்யாணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும். இல்லை என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள், எப்படியும் வரும்.

25 நாள், 8 நாள், 3 நாள், கடைசியில் 20 மணி நேரம். ஒவ்வொரு சுற்றும் முந்தினதில் மூன்றில் ஒன்றாகச் சுருங்குவதைப் பாருங்கள். வேகமாகப் படித்தால் இது சுருங்காது. ஒவ்வொரு சுற்றிலும், அடுத்த தடவை எதைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்து கழித்தால்தான் சுருங்கும். நன்றாகத் தெரிந்த கணக்கின் மேல் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள். தடுமாறியதற்கு ஒரு வட்டம், சுத்தமாகத் தெரியாததற்கு இரண்டு வட்டம். இரண்டாம் சுற்றில் வட்டங்கள் மட்டும், மூன்றாம் சுற்றில் இரட்டை வட்டங்களும் மாதிரிக்கு ஒரு கணக்கும். மஞ்சள் கோடு இந்த வேலையைச் செய்யாது. அது முக்கியமானதைக் காட்டும், உங்களுக்குத் தெரியாததைக் காட்டாது.

முதல் சுற்றில் ஒரு பேப்பரை மட்டும் 25 நாள் தொடர்ந்து படிக்காதீர்கள். காலையில் கணக்குப் பேப்பர், மாலையில் தியரி என்று இரண்டை ஜோடியாக ஓட்டி 50 நாளில் முடியுங்கள். நாள் முழுக்க ஆடிட் படிக்கிறேன் என்று உட்கார்ந்தால் மூன்றாம் மணியில் கண் வரியில் இருக்கும், மனசு வாட்ஸ்அப்பில் இருக்கும்.

3. எந்தப் புத்தகம்

தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட் (ஐசிஏஐ) தரும் ஸ்டடி மெட்டீரியல்தான் அடிப்படை. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கேள்விகள் பெரும்பாலும் அதன் நடையிலும் சொற்களிலும் வருகின்றன. அதோடு உங்கள் சாரின் நோட்ஸ் ஒன்று போதும். மூன்றாவதாக ஒரு புத்தகம் சேர்ந்தால் அந்த 20 மணி நேரம் உடையும்.

கூடவே, ஒவ்வொரு அட்டெம்டுக்கும் இன்ஸ்டிட்யூட் வெளியிடும் ஆர்டிபி (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்), மாக் டெஸ்ட் பேப்பர்கள், பழைய கேள்வித்தாள்களுக்கான சஜஸ்டட் ஆன்சர்ஸ் என்ற மாதிரி விடைகள். இவற்றில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது கடைசியில் சொன்னதுதான். அதை விடை சரிபார்க்க மட்டும் பார்க்கிறார்கள். 5 மார்க்குக்கு எத்தனை வரி எழுதியிருக்கிறார்கள், வொர்க்கிங் நோட்டை (கணக்கின் இடைப்படிகளை) எப்படிப் பிரித்திருக்கிறார்கள், முடிவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கவனித்துப் படித்தால் அது வேறு பாடம் சொல்லும்.

சீனியர் கொடுத்த புத்தகம் விஷயத்தில் எச்சரிக்கை. காஸ்டிங்குக்குச் சரி, டாக்ஸுக்கு வேண்டவே வேண்டாம். 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம் 2025 வந்து, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. நம் வீட்டுப் பெரியவர்களுக்கே மனப்பாடமான 80சி, புதிய சட்டத்தில் 123-ம் பிரிவு. ப்ரீவியஸ் இயர் (சம்பாதித்த ஆண்டு), அசெஸ்மென்ட் இயர் (அதற்கு வரி கணக்கிடும் ஆண்டு) என்ற இரட்டைக் குழப்பம் போய் டாக்ஸ் இயர் என்று ஒன்றே ஒன்று. எந்தத் தேர்வுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரையான திருத்தம் என்பதை இன்ஸ்டிட்யூட் முன்கூட்டியே அறிவித்துவிடும். முதல் பக்கத்தைப் புரட்டும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். கம்பெனிச் சட்டத்துக்கும் ஜிஎஸ்டிக்கும் இதே கதைதான்.

கோச்சிங் தேவையா? கணக்குப் பேப்பர்களுக்குப் பலருக்கும் தேவைப்படுகிறது. பணம் இல்லை என்றால் இன்ஸ்டிட்யூட் நடத்தும் நேரலை வகுப்புகள் இலவசம். எதுவானாலும் வீடியோ பார்த்த நேரத்தைப் படித்த நேரத்தில் சேர்க்காதீர்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் வகுப்பில் சார் போடும் கணக்கு சாருக்குத்தான் வந்திருக்கிறது.

4. கணக்குப் பேப்பர்: விடையை மூடிவிட்டுப் போடுங்கள்

அக்கவுன்ட்ஸ், காஸ்டிங், எஃப்எம் மூன்றுக்கும் ஒரே விதி. கேள்வியைப் படி, விடையை மூடு, பேனாவை எடு. பத்து நிமிடம் முட்டி மோதிய பிறகு விடையைத் திறக்கலாம். முட்டாமல் திறந்தால், "அட, இவ்வளவுதானா" என்று தோன்றும். அந்த எண்ணம்தான் தேர்வில் கவிழ்க்கும்.

படிப்படியாக எழுதுவதற்கு இங்கே மதிப்பு அதிகம். ஒரு சின்ன கன்சாலிடேஷன், அதாவது தாய்க் கம்பெனி, துணைக் கம்பெனிக் கணக்குகளைச் சேர்ப்பது, எடுத்துக்கொள்வோம். ஒரு கம்பெனி இன்னொன்றின் 80 சதவீதப் பங்கை 6,00,000 ரூபாய்க்கு வாங்குகிறது. வாங்கிய நாளில் அந்தத் துணைக் கம்பெனியின் பங்கு மூலதனம் 5,00,000, ரிசர்வ் 1,00,000. அதற்குப் பிறகு அது சம்பாதித்த லாபம் 50,000.

முதல் வொர்க்கிங் நோட்: வாங்கிய நாளின் நிகரச் சொத்து 6,00,000, அதில் 80 சதவீதம் 4,80,000. கொடுத்தது 6,00,000. ஆக குட்வில் (கூடுதலாகக் கொடுத்த தொகை) 1,20,000. இரண்டாவது: பிந்தைய லாபத்தில் நம் பங்கு 40,000, இது குரூப்பின் ரிசர்வில் சேரும். மூன்றாவது: மைனாரிட்டி இன்ட்ரஸ்ட் (மீதிப் பங்குதாரர்களின் உரிமை), 6,50,000-ல் 20 சதவீதம், 1,30,000.

இந்த மூன்றையும் தனித்தனி நோட்டாக, தலைப்புப் போட்டு எழுதியவர் முதல் நோட்டில் ஒரு தப்புச் செய்தாலும் மற்ற இரண்டுக்கும் மார்க் வாங்குவார். எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டு பேலன்ஸ் ஷீட்டில் நேராக எண்ணை இறக்கியவருக்கு எண் தப்பானால் திருத்துகிறவர் எதைப் பார்த்து மார்க் போடுவார்? நம் பள்ளிக்கூடங்களில் "ஸ்டெப் இல்லாம ஆன்சர் போட்டா மார்க் கிடையாது" என்று கணக்கு டீச்சர் கத்துவாரே, அதே சங்கதி.

தப்பு நோட்டு என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தப்புக்கும் ஒரே வரி. "அசாதாரண இழப்பை மீதி யூனிட்கள் மேல் ஏற்றிவிட்டேன்." "வாங்கிய தேதிக்கு முன், பின் பிரிக்கவில்லை." "லட்சத்தில் கேட்டதை ரூபாயில் எழுதினேன்." மூன்று மாதத்தில் ஒரு வேடிக்கை தெரியும். நாற்பது தப்பு செய்வதாக நினைத்திருப்பீர்கள், உண்மையில் ஏழெட்டுத் தப்பையே திரும்பத் திரும்பச் செய்திருப்பீர்கள். அந்த நோட்டு தேர்வு நாள் காலையில் கையில் இருக்க வேண்டியது.

5. தியரி: புரிந்துகொள்வது தமிழில், எழுதுவது இங்கிலீஷில்

இந்தத் தேர்வை இங்கிலீஷிலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்கள் லாவிலும் ஆடிட்டிலும் அடிபடுவது இங்கேதான். ஆனால் பலரும் நினைப்பதுபோல நல்ல இங்கிலீஷ் தேவைப்படவில்லை. ஒரே மாதிரியான, சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். அதைப் பழக்கத்தில் கொண்டுவந்துவிடலாம்.

லா கேள்விக்கான பதிலுக்கு மூன்று பத்தி: சட்டம் என்ன சொல்கிறது, இந்தக் கதையில் அது எப்படிப் பொருந்துகிறது, ஆகவே முடிவு என்ன. உதாரணத்துக்கு, 1,200 உறுப்பினர்கள் உள்ள ஒரு பப்ளிக் கம்பெனியின் பொதுக்கூட்டத்துக்கு 14 பேர் நேரில் வந்தார்கள், மூன்று பேர் ப்ராக்ஸி, அதாவது தங்களுக்குப் பதில் ஆள், அனுப்பினார்கள். கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள், இருக்கிறதா?

முதல் பத்தி: கம்பெனிகள் சட்டம் 2013, 103-ம் பிரிவின்படி, கம்பெனியின் விதிகள் கூடுதலாகக் கேட்காத பட்சத்தில், பப்ளிக் கம்பெனியில் உறுப்பினர்கள் 1,000 வரை என்றால் 5 பேர், 1,000-க்கு மேல் 5,000 வரை என்றால் 15 பேர், அதற்கும் மேல் என்றால் 30 பேர் நேரில் இருக்க வேண்டும். ப்ராக்ஸி கணக்கில் வராது. இரண்டாவது பத்தி: இங்கே 1,200 பேர், ஆகவே 15 தேவை. நேரில் இருப்பவர்கள் 14. மூன்றாவது: கோரம் இல்லை. அவ்வளவுதான். பதினேழு பேர் என்று கூட்டிச் சொல்ல வைக்கத்தான் அந்த மூன்று ப்ராக்ஸி கேள்விக்குள் வந்திருக்கிறது.

பிரிவு எண் நிச்சயமாகத் தெரிந்தால் எழுதுங்கள். சந்தேகம் என்றால் "கம்பெனிகள் சட்டத்தின்படி" என்று தொடங்கிவிடுங்கள். தப்பான எண்ணைத் தைரியமாக எழுதித் திருத்துகிறவரின் நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்வானேன்?

ஆடிட்டில் கதை வேறு. அங்கே சொற்கள்தான் காசு. ஆடிட் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் ஒவ்வொரு ஸ்டாண்டர்டிலும் (எஸ்ஏ) மாற்ற முடியாத நாலைந்து சொற்றொடர் இருக்கும். ரீசனபிள் அஷ்யூரன்ஸ், ப்ரொஃபஷனல் ஸ்கெப்டிசிசம், சஃபிஷியன்ட் அப்ராப்ரியேட் ஆடிட் எவிடென்ஸ் போன்றவை. "நல்ல ஆதாரம் திரட்ட வேண்டும்" என்று நம் சொந்த இங்கிலீஷில் எழுதினால் அர்த்தம் சரிதான், மார்க் வராது. சஃபிஷியன்ட் என்பது அளவு, அப்ராப்ரியேட் என்பது தரம், இரண்டும் வேறு என்பது தெரிந்தவர் எழுதியதாகத் தோன்ற வேண்டும். என் 37-க்குக் காரணம் இதுதான். கருத்து எல்லாம் இருந்தது, சொல் ஒன்றுகூட இல்லை.

நான் இரண்டாவது தடவை செய்தது இது. ஒரு ஸ்டாண்டர்டைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவிடம் தமிழில் சொல்வேன். வெளியாருக்குக் கடிதம் போட்டுக் கடன் பாக்கியை உறுதி செய்வது எதற்கு என்று எஸ்ஏ 505-ஐச் சொன்னபோது, "ஆமா, கடன் வாங்கினவன் கிட்டயே நேராக் கேட்டாத்தானே உண்மை தெரியும், கணக்கு எழுதுறவன் ஆயிரம் எழுதுவான்" என்றார். அந்த ஸ்டாண்டர்டு எனக்கு மறக்கவே இல்லை. சொல்லி முடித்த கையோடு, அதற்குரிய நாலைந்து இங்கிலீஷ் சொற்றொடரைச் சேர்த்து அரைப் பக்கம் எழுதுவேன். ஒரு நாளைக்கு மூன்று பதில், ஐம்பது நாள். கை பழகிவிட்டது.

6. எம்சிக்யூ

இதற்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. இன்டரில் நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள். கேஸ் கொடுத்து அதன் கீழ் சில கேள்விகள் கேட்பார்கள். கேள்விகளை முதலில் படித்துவிட்டு அப்புறம் கதையைப் படித்தால் நேரம் மிச்சம். முப்பதில் 20, 22 வாங்கிவிட்டால் எழுதும் பகுதியில் மூச்சு விட இடம் கிடைக்கும். இதற்கென்று தனியாகப் புத்தகம் வாங்காமல் ஸ்டடி மெட்டீரியலிலும் ஆர்டிபியிலும் மாக் டெஸ்டிலும் உள்ளவற்றை முடியுங்கள்.

7. மதியம் இரண்டு மணிக்கு விழித்திருக்கப் பழகுங்கள்

சிரிக்காதீர்கள். வீட்டில் படிக்கிறவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில்தான் இந்தத் தேர்வு நடக்கிறது. ராத்திரி இரண்டு வரை படித்துக் காலை ஒன்பதுக்கு எழுந்து பழகியவரின் மூளை, மே மாதக் கத்திரி வெயிலில், மின்விசிறி மெதுவாகச் சுற்றும் ஹாலில் மூன்று மணிக்கு என்ன நிலையில் இருக்கும்?

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே மதியம் 2 முதல் 5 வரை நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மாக் டெஸ்டும் அந்த நேரத்தில்தான். போன் அடுத்த அறையில். கையில் தேர்வுக்குக் கொண்டுபோகப் போகும் அதே கால்குலேட்டர், 12 இலக்கம், ஆறு செயல்பாடு, இரண்டு மெமரி வரை அனுமதி. மெமரி பொத்தானைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் காஸ்டிங்கில் வீணாக்கும் நேரத்தைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். சாப்பாடு பன்னிரண்டரைக்கு, அரை வயிறு. தயிர்சாதத்தைத் தேர்வு முடிந்து வந்து சாப்பிடலாம்.

"சிலபஸ் முடியட்டும், அப்புறம் மாக் எழுதறேன்" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வசனம். முடியாது. முதல் சுற்று பாதி தாண்டும்போதே படித்த பாடங்களுக்கு ஐம்பது மார்க்குக்கு எழுதத் தொடங்குங்கள். எழுதியதை வேறொருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் நண்பரும் நீங்களும் மாற்றிக்கொண்டு, சஜஸ்டட் ஆன்சரைப் பக்கத்தில் வைத்துத் திருத்தலாம். அடுத்தவர் கையெழுத்தில் ஒரு மோசமான பதிலைப் படிக்கும்போதுதான் திருத்துகிறவரின் கஷ்டம் நமக்கு உறைக்கும்.

8. ஹாலுக்குள்

100 மார்க்குக்கு 180 நிமிடம், மார்க்குக்கு 1.8 நிமிடம். எம்சிக்யூவை 45 நிமிடத்தில் முடியுங்கள். எழுதும் பகுதியில் பொதுவாக முதல் கேள்வி கட்டாயம், மீதி ஐந்தில் நான்கு, ஒவ்வொன்றும் 14 மார்க். அதாவது கேள்விக்கு 25 நிமிடம். ஐந்து கேள்விக்கு 125, மொத்தம் 170. பத்து நிமிடம் கையிருப்பு. டாக்ஸும் எஃப்எம்-எஸ்எம்மும் இரண்டு பகுதியாக வருவதால் பிரிப்பு மாறும், மார்க்குக்கு 1.8 நிமிடம் என்பது மாறாது.

1:45-க்கு, எழுதத் தொடங்கும் முன் கேள்வித்தாளைப் படிக்கக் கிடைக்கும் நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: எந்தக் கேள்வியை விடப்போகிறீர்கள் என்று முடிவு செய்வது. முடிவு செய்தபின் அதைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

25 நிமிடம் ஆகியும் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லையா? அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். அந்த 500 ரூபாயைத் தேடிப் பதினைந்து நிமிடம் செலவழித்து, நன்றாகத் தெரிந்த ஏழு மார்க் கேள்வியைத் தொடாமல் வந்தவர்கள் ஏராளம். ஒவ்வொரு கேள்வியையும் புதுப் பக்கத்தில் தொடங்கினால், நேரம் மிஞ்சும்போது திரும்பி வந்து சரிசெய்ய இடமும் இருக்கும். எம்சிக்யூ விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளில் வட்டம் நிரப்புவதை மட்டும் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிடாதீர்கள்.

வெளியே வந்ததும் வாசலில் நின்று விடை ஒப்பிடும் கூட்டத்தைத் தாண்டிப் போங்கள். கடிகாரத்தில் அடுத்த 45 மணி நேரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அன்று மாலை ஓய்வு, இரவு வட்டம் போட்ட பாடங்களில் எளிதானவை. மறுநாள் முழுக்கக் கனமானவை. தேர்வு நாள் காலையில் தப்பு நோட்டும் ஃபார்முலாத் தாளும் மட்டும்.

9. ரிசல்ட் சரியாக வரவில்லை என்றால்

இரண்டு நாள் அழலாம், தூங்கலாம். மூன்றாம் நாள் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பம் போடுங்கள். ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். கூட்டல் தப்பு, திருத்தாமல் விட்ட பதில் இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பும் தனியாக உண்டு. அதில் பதிலை மறுபடி திருத்த மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

நகல் வந்ததும் பேனாவை எடுத்து ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் மார்க் எதனால் போனது என்று எழுதுங்கள்: தெரியாமல் போனதா, தெரிந்தும் சொல் வராமல் போனதா, நேரம் போதாமல் போனதா. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. தெரியாததற்குப் புத்தகம், சொல்லுக்கு எழுதும் பயிற்சி, நேரத்துக்கு மாக் டெஸ்ட். இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குகிறவர்கள்தான் அதே 37-க்குத் திரும்ப வருகிறார்கள்.

எக்ஸெம்ப்ஷன் கிடைத்திருந்தால் எந்தத் தேர்வோடு அது காலாவதியாகிறது என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். இன்டருக்கு ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருஷத்துக்கு மூன்று தேர்வு நடக்கிறது. மூன்று அட்டெம்ட் என்பது ஒரே வருஷத்தில் ஓடிவிடும். நான் எழுதிய காலத்தில் வருஷத்துக்கு இரண்டுதான், ஆடிட் புத்தகத்தை மறுபடி கையில் எடுக்க ஆறு மாதம் காத்திருந்தேன். இப்போது நாலே மாதம்.